நூமாவின் நடை

கிள்ளான்
3 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமரை எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் பள்ளிக்கூடக் கேண்டீன் அடுப்புச் சூட்டில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடரைப் போட்டுக்கொண்டு உலகத்தையே திட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, அல்லது கடல் காற்றே மருந்து என்று மறுபடி ஆரம்பித்துவிட்டீர்களா?

போனில் பேசலாம் என்றால் கப்பல் இண்டர்நெட்டில் "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. வாட்சப்பில் நீங்கள் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவீர்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல். பதிலைக் கடிதம் மாதிரி நீளமாக எழுதுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எழுதுவீர்களே, அப்படி.

போர்ட் கிள்ளானில் கப்பல் ஏறும்போது உங்கள் பையில் ஒரு டிஸ்க்கைத் திணித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் எங்கள் பெட்டாலிங் ஜெயா ஆபிசில் நாங்கள் செய்த கேம், "ஹார்ட் சேண்ட்". பழைய ரோமாபுரிக் காலத்துக் கதை. கையில் ஒரு வாள், ஒரு கேடயம். மணல் களத்தில் ஏழு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு கிளேடியேட்டர் வருவான். ஜெயித்தால் அடுத்த வாசல், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. ஆட்கள் நிற்பது, நடப்பது, வெட்டுவது, விழுவது எல்லாம் என் குழுவின் வேலை. போன மாதம்தான் என்னை அந்தக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். அம்மா இதைக் கேண்டீனில் சொல்லி, தலைமையாசிரியர் எனக்கு வாழ்த்துச் சொல்லும்படி ஆகிவிட்டது.

இரண்டாம் பாகம் செய்யப்போகிறோம். அதற்கு முன்னால் எனக்கு உங்கள் தீர்ப்பு வேண்டும். கப்பல் மெஸ்ஸில் எந்தக் கேம் வந்தாலும் முதலில் ஆடி முடிப்பவர் நீங்கள்தான். கார் கேமில் டயர் சத்தம் பொய் என்று சொன்னவர் நீங்கள். மகள் செய்தது என்று இரக்கம் காட்டாமல், எது நிறை, எது குறை என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்துக்காக இன்பாக்சைத் திறந்து வைத்திருக்கும்,
தாமரை


டர்பன் துறைமுகம்
28 மார்ச் 2024

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா சௌக்கியம். மாத்திரையும் சௌக்கியமாக டப்பாவுக்குள் இருக்கிறது. சும்மா சொன்னேன், அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதே, தினமும் போடுகிறேன். அம்மாவின் வேர்க்குருவுக்குச் சந்தனம் பூசச் சொல். குழுத் தலைவி ஆனதை முதல் வரியில் எழுதாமல் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறாயே, யாருக்குப் பயந்து?

உன் மின்னஞ்சல் வந்த அன்றே டிஸ்க்கை மெஸ்ஸில் போட்டேன். போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, "இது என் மகள் செஞ்ச கேம்" என்று அறிவித்தேன். நம்முடைய சமையல்காரன் ரோமெல் நம்பவில்லை. அவன் பிலிப்பீன்ஸ்காரன், என்னோடு மூன்று கப்பல் பார்த்தவன். "போஸ், உங்க மக ஆபிஸ்ல டைப் அடிக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றான், அவனுடைய இங்கிலீஷில். அன்றைக்கு அவன் வைத்த மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் மெஸ் நிரம்பி வழிகிறது. டெக்கில் நான் மண்டோர், பையன்களை வேலை வாங்குகிற 'போஸ்'. காலையில் என்னிடம் திட்டு வாங்கியவனெல்லாம் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது பக்கம் போஸ், இடது பக்கம்" என்று கத்துகிறான்.

ஐந்தாவது வாசல்வரை வந்துவிட்டேன். முதலில் நிறையைச் சொல்கிறேன். கேடயத்துக்குக் கனம் இருக்கிறது. மற்ற கேம்களில் கேடயம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி கையில் சுற்றும். உன்னுடையதில் இரண்டு வெட்டுத் தாங்கினால் ஆளின் தோள் தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்து எனக்கே தோள் வலித்தது. நான்காவது வாசலில் வலை வீசுகிறானே, அவன் நிஜ மீனவன். கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி, அப்புறம்தான் விடுகிறான். விழுந்தவனை வெட்டாமல் வாளைத் தாழ்த்தினால் அவன் அதை மறக்காமல் அடுத்த சண்டையில் ஒரு வெட்டைக் குறைத்துக்கொள்கிறான் பார், அதற்காகவே உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை.

குறையெல்லாம் கடைசியில் சேர்த்து எழுதுகிறேன். இப்போது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

இங்கே எல்லோரிடமும் காலரைத் தூக்கிவிட்டுத் திரியும்,
உன் அப்பா கன்னையா


கிள்ளான்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சந்தனம் வேலை செய்தது, ஆனால் யோசனை உங்களுடையது என்பதால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டர்பனில் குளிர் ஆரம்பித்திருக்கும், உள்ளே பனியன் போடுங்கள்.

உங்கள் கடிதத்தை கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே படித்து, இறங்கவேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். கேடயத்தின் கனத்தை இதுவரை எந்த விமர்சகரும் கவனிக்கவில்லை. எங்கள் முதலாளி சுகுமாறன் அண்ணனிடம் அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் குழு முழுவதையும் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "உங்கப்பா பேர சொல்லி சாப்பிடுங்க லா" என்றார்.

அப்பா, ஏழாவது வாசலில் வருபவன் பெயர் நூமா. யாராலும் தோற்கடிக்கப்படாதவன். அவன் வரும்போது பாட்டு நின்றுவிடும், கூட்டம் அடங்கிவிடும், மணலில் அவன் காலடி மட்டும் கேட்கும். இரண்டாம் பாகத்தில் அவன்தான் கதாநாயகன். ஆடுபவர்கள் நூமாவாகவே ஆடப்போகிறார்கள்.

அவனிடம் ஒரு விஷயத்தை மாற்றவேண்டும் என்று கேமை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பெனி சொல்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். அது என்ன என்று சொல்லமாட்டேன், சொன்னால் உங்கள் கண் அதையே தேடும். நீங்களாகப் பார்த்து, நூமாவைப் பற்றி மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள். ஆகஸ்டு பிறந்ததும் மீட்டிங். அதற்குள் நான் முடிவு சொல்லவேண்டும். இந்த ஒன்றில் நீங்கள் சொல்வதைத்தான் கேட்கப்போகிறேன்.

ஆறாவது வாசலில் மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் வாருங்கள்.

என்றும் உங்கள்,
தாமரை


சான்டோஸ் துறைமுகம்
2 மே 2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். பனியன் போட்டுக்கொண்டேன். பிரேசிலில் வியர்த்துக் கொட்டியது.

ஏழாவது வாசலுக்கு வந்துவிட்டேன். இனி குறைகள். கோபித்துக்கொள்ளாதே, நீதான் இரக்கம் வேண்டாம் என்றாய்.

கேமரா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. நான் தூணோடு சண்டை போட்டுச் செத்திருக்கிறேன். மூன்றாவது வாசலில் இரண்டு கத்தியோடு வருகிறவன் வேகமானவன்தான், ஆனால் அவனை இடது பக்கமாகவே அடித்துக்கொண்டிருந்தால் போதும், திரும்பத் தெரியாது. வெட்டுப்பட்ட கைக்கு ஒரு துணியைச் சுற்றினால் அடுத்த நிமிடமே ஆறிவிடுகிறது, அந்தத் துணியில் எனக்கும் ஒரு முழம் அனுப்பு. பார்க்க வந்த கூட்டத்தில் நாலைந்து முகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே குடும்பம் மொத்தமாக டிக்கெட் வாங்கிவிட்டதா?

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை உன் நூமா.

அவன் வரும் விதம் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டு நின்றது, கூட்டம் அடங்கியது. அப்புறம் அவன் நடக்க ஆரம்பித்தான் பார், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து வருகிறான். ஒரு தோள் இறங்கியிருக்கிறது. காலை நேராக வைக்காமல் வெளிப்பக்கமாகச் சுற்றி வைக்கிறான். யாராலும் தோற்கடிக்க முடியாதவன் என்று சொல்லிவிட்டு இப்படி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் நம்புவார்கள்? கால் சரியில்லாதவனுக்குக் களத்தில் என்ன வேலை? அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, பயப்படுவதா? கதாநாயகன் என்றால் நிமிர்ந்து நடக்கவேண்டாமா?

கம்பெனிக்காரன் மாற்றச் சொன்னது இதைத்தான் என்றால், அவன் சொல்வது சரி.

மெஸ்ஸிலும் இதை உரக்கவே சொன்னேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பத்துச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ரோமெல் என்னைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான். நூமாவை நான் இன்னும் ஜெயிக்கவில்லை, அது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்ன திருப்தியோடு,
அப்பா


கிள்ளான்
8 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

குறைகளுக்கு நன்றி. தூணுக்குப் பின்னால் கேமரா போவதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்குப் புது முகங்கள் செய்கிறார்கள்.

கம்பெனி மாற்றச் சொன்னது நூமாவின் நடையைத்தான். நேராக நடக்கும் நூமாவைச் செய்யும்படி குழுவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
தாமரை


ராட்டர்டாம் துறைமுகம்
7 ஜூன் 2024

அன்பு மகள் தாமரைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க இது இரண்டாவது கடிதம். முதல் கடிதம் கடலில் இருந்து அனுப்பியது, அதற்குப் பதில் இல்லை.

ஸ்டேஷனை விட்டதையும் வாழையிலைச் சாப்பாட்டையும் எழுதுகிற பிள்ளை, திடீரென்று அரசாங்க ஆபிஸ் மாதிரி நான்கு வரி எழுதினால் அப்பனுக்கு என்ன தோன்றும்? நான் சொன்னதில் வருத்தமா? நூமாவை நீயே செய்தாயா? அப்படியென்றால் முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும், கொஞ்சம் பார்த்து எழுதியிருப்பேன். கருத்தை மாற்றியிருக்கமாட்டேன், வார்த்தையை மாற்றியிருப்பேன்.

வேலையில் குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது, மா. டெக்கில் எத்தனை வெள்ளைக்காரன் என் வேலையைக் குறை சொல்லியிருக்கிறான் தெரியுமா? அவனுக்கு முன்னால் தலையாட்டிவிட்டு, மறுநாள் அவன் மூக்கில் விரலை வைக்கிற மாதிரி செய்து காட்டுவேன்.

அம்மாவை எழுதச் சொல். அவளும் நானும் போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

பதிலை எதிர்பார்த்து,
அப்பா


கிள்ளான்
19 ஜூன் 2024

தாமரை அப்பாவுக்கு,

லெட்சுமி எழுதுவது. இங்கே சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் குறைவில்லை. அங்கே உங்கள் உடம்பு சுகம்தானே? சுகமாக இருந்தால் உட்கார்ந்து படியுங்கள். இந்தப் போனில் தமிழ் டைப் அடிப்பதற்குள் எனக்கு ஒரு பானை சோறு வெந்துவிடும், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னவென்று கேட்டால் "ஒன்னுமில்ல மா" என்கிறாள். நேற்று உலுக்கிக் கேட்டேன். அழுதுகொண்டே உங்கள் கடிதத்தைக் காட்டினாள். படித்ததும் எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு நீங்கள் கடலில் இருப்பது உங்கள் நல்ல நேரம்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கப்பலில் இருந்தீர்கள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வருகிற சத்தம் கேட்டது. ஒரு காலடி, அப்புறம் ஓர் இழுப்பு, மறுபடி ஒரு காலடி. என்னடா இது, மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாரே என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வாசல் கேட்டைத் திறந்தேன். வெளியே யாருமில்லை. சத்தம் தாமரை அறையிலிருந்து வந்தது. லேப்டாப்பில் அந்த நூமா நடந்துகொண்டிருந்தான். நான் திரையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா மாதிரி இருக்காமா?" என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். நீங்கள் கப்பல் ஏறும்போதெல்லாம் இவள் எடுத்து வைத்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

இப்போது புரிகிறதா? நீங்கள் யாரைக் களத்தில் என்ன வேலை என்று கேட்டீர்கள் என்று?

கொள்கலன்களைக் கட்டும் இரும்புக் கம்பி உங்கள் முட்டியில் விழுந்தபோது தாமரை படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்தாள், பதினான்கு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "ஒன்னுமில்ல, செருப்பு சரியில்ல, அதான் அப்படி நடக்கிறேன்" என்றீர்கள். நாங்களும் சரி என்றோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் உங்களுக்கு எத்தனை ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறேன்! கல்யாண வீட்டில் யாராவது கேட்டால்கூட நானே முந்திக்கொண்டு செருப்பைச் சொல்வேன். உங்கள் மனம் நோகக்கூடாது என்று பதினைந்து வருஷம் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டோம். அந்தப் பிள்ளை அதே நடையைக் கொண்டுபோய் உலகத்திலேயே யாரும் ஜெயிக்க முடியாத ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

நேராக நடக்கிற நூமா தயாராகிக்கொண்டிருக்கிறானாம். ஆகஸ்டு பிறந்ததும் மீட்டிங்கில் இவள் சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. "அப்பாவுக்கே பிடிக்கல, நான் யாருக்காக சண்ட போட?" என்கிறாள்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது.

உங்கள்,
லெட்சுமி


நடுக்கடலிலிருந்து
30 ஜூலை 2024

அன்பு மகள் தாமரைக்கு,

உடம்பு நலம். மனது இப்போதுதான் நலமானது. நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. அவள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். டெக்கில் எதிரே வந்தவனையெல்லாம் கடித்துக் குதறினேன். என் காலுக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டு கதை கட்டுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் ரோமெலைக் கூப்பிட்டு, என் போனை அவனிடம் கொடுத்து, "நான் முன்னால நடக்கிறேன், பின்னாலருந்து வீடியோ எடு" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கப்பலின் நீளத்துக்கு நடந்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

நூமா நடந்து போனான், மா. அதே இறங்கிய தோள். காலைச் சுற்றி வைக்கும் அதே விதம். பக்கத்தில் நின்ற ரோமெலிடம், "ஒனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டேன். "கப்பல்ல எல்லாருக்கும் தெரியும் போஸ். நூமா வந்த அன்னிக்கே தெரியும். நீங்க திட்டுனதுலதான் யாருக்கும் பேச்சே வரல" என்றான்.

எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் எடுக்கும்போது டாக்டர் அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பேன். கீழே இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். கால் சரியில்லை என்று எழுதிவிட்டால் கப்பல் போய்விடும், கரையில் என்னை யார் வேலைக்கு வைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் எனக்கே நான் பொய் சொல்லப் பழகிவிட்டேன். நீ நூமாவைக் காட்டியபோது அந்தப் பயம்தான் பேனாவை எடுத்து எழுதியது.

அன்றைக்கு மெஸ்ஸில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஏழாவது வாசலுக்குப் போனேன். வாளைத் தூக்காமல் நின்றேன். அவனும் வெட்டவில்லை. நான் நடந்தால் அவனும் நடந்தான். களத்தைச் சுற்றி இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தோம். வாள் தூக்காதவனை நூமா வெட்டமாட்டான் என்று வைத்தது நீதானே? அவன் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவனுக்கு எதிரே நிற்பவன்தான் பின்வாங்குகிறான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என்னை இப்படியா பார்த்தாய்? நான் வீட்டுக்கு நடந்து வருவது உனக்கு இப்படியா தெரிந்தது? கண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்பட்டு வந்த கண்ணீர் இல்லை, மா. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நூமாவைப் பற்றி எழுதிய குறையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றக் குறைகள் அப்படியே இருக்கட்டும், அந்த இரண்டு கத்திக்காரனை யாராவது திருத்துங்கள். நூமாவின் நடையை நிமிர்த்தாதே. மீட்டிங் முடிவதற்குள் இது உனக்குக் கிடைக்கவேண்டும் என்று கேப்டனிடம் கெஞ்சி அவர் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புகிறேன்.

உன் அப்பா,
கன்னையா


கிள்ளான்
3 ஆகஸ்டு 2024

என் அன்பு அப்பாவுக்கு,

நான் நலம், அம்மா நலம், இருவரும் நேற்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததால் கண் மட்டும் வீங்கியிருக்கிறது. நீங்கள் நலமா? உண்மையாகவே நலமா? கால் வலிக்கிறதா? இதைக் கேட்கவேண்டும் என்று எத்தனை கடிதத்தில் நினைத்து அழித்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் மீட்டிங்குக்கு முந்தின நாள் வந்தது. நேராக நடக்கும் நூமா கையில் தயாராக இருந்தான். அழகாகத்தான் இருந்தான், துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி. காலையில் ஆபிசுக்குப் போனதும் அவனை எடுத்துவிட்டு, பழைய நூமாவைப் போட்டேன். சுகுமாறன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "நீ பேசு, நான் பின்னால இருக்கேன்" என்றார்.

திரையில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். நூமா நடந்து முடிக்கும்வரை பார்த்தார்கள். முதல் பாகத்தில் எதிரியாக வந்தபோது இது பரவாயில்லை, கதாநாயகன் இப்படி நடந்தால் யார் ஆடுவார்கள் என்று கேட்டார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வி, அப்பா. அதனால் பதில் தயாராக இருந்தது.

எங்கள் அப்பா ஒரு நொண்டி என்றேன். முட்டியில் இரும்பு விழுந்த பிறகு பதினைந்து வருஷம் அந்தக் காலோடு கடலுக்குப் போய் வந்து என்னைப் படிக்க வைத்தவர் என்றேன். அவர் நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கதாநாயகனுக்கு வேறு எந்த நடையும் கொடுக்கத் தெரியாது என்றேன். நடையை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வேறு குழுத் தலைவியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். சுகுமாறன் அண்ணன் இருமினார், அப்புறம் அவரும் "என்னையும் சேர்த்து" என்றார்.

நொண்டி என்ற வார்த்தையை நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அன்னியர்களுக்கு முன்னால் சொன்னேன், இப்போது உங்களுக்கே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் திட்டுங்கள்.

அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு மறுநாள் முடிவு சொன்னார்கள். நடை அப்படியே இருக்கலாம். ஆனால் ஓட்டத்தில் பிடிவாதமாக இருந்தார்கள், நூமா வேகமாக ஓடியே ஆகவேண்டுமாம். அதை விட்டுக்கொடுத்தேன். அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. முழுசாக ஜெயித்தேன் என்று உங்களிடம் சொல்ல முடியவில்லை.

உங்கள் மகள் என்று சொல்லிக்கொள்ளும்,
தாமரை


கொழும்பு துறைமுகம்
3 செப்டம்பர் 2024

என் தங்க மகளுக்கு,

அப்பா நலம். கால் வலிக்கிறது, மழை நாளில் நன்றாகவே வலிக்கிறது. கேட்டாய் அல்லவா, இனி கேட்டால் சொல்வேன். அம்மாவையும் கேட்டதாகச் சொல், இனி எனக்குச் செருப்பு வாங்கவேண்டாம் என்றும் சொல். அடுத்த மெடிக்கலில் என்ன எழுதுகிறார்களோ எழுதட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

நீ எழுதிய அந்த வார்த்தையை முதல் தடவை படித்தபோது சுருக்கென்றது. இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவை ரோமெலை உட்கார வைத்து உரக்கப் படித்து, மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் எழுந்து எனக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு மீன் குழம்பில் உப்புச் சரியாக இருந்தது.

ஓட்டத்தைப் பற்றி வருத்தப்படாதே. நான் ஓடியே பல வருஷம் ஆயிற்று, என் ஓட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நடை நம்முடையது.

ஒரு செய்தி. இங்கே ஒரு புது சீஃப் ஆபிசர் ஏறியிருக்கிறார், இளவயது, மிடுக்கானவர். வந்த அன்றே டெக்கில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கீழிருந்து மேலே பார்த்து, "என்ன உம்ம காலு இப்படி? இதோட எப்படி வேல செய்யிறீரு?" என்று கேட்டார். பையன்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"நான் நொண்டி சார்" என்றேன். "மெஸ்ல ஒரு கேம் இருக்கு, என் மக செஞ்சது. மொதல்ல ஏழாவது வாசல் வரைக்கும் ஜெயிச்சிட்டு வாங்க. அங்க என்னையப் பாத்துட்டு, அப்புறம் வந்து இந்தக் கேள்வியக் கேளுங்க."

மனுஷன் ரோஷக்காரர், அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்றாவது வாசலிலேயே உதை வாங்கிக்கொண்டிருக்கிறார். இடது பக்கமாக அடிக்கவேண்டும் என்று கப்பலில் ஒருவனும் அவருக்குச் சொல்லவில்லை.

பெருமையோடு,
அப்பா